வரவேற்பறைச் சுவரில் என் தங்கை

என் தங்கை தைனாரா வேலை பார்த்த மென்பொருள் நிறுவனத்துக்குள் நுழைந்தால், எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு அவளுடைய படம்தான் கண்ணில் படும். பச்சை அலை ஒன்று சுருண்டு கவிகிறது. அதன் வயிற்றுக்குள் முழங்காலை மடக்கி, ஒரு கையால் தண்ணீரைத் தடவியபடி அலைச்சறுக்குப் பலகைமேல் நிற்கிறாள். கீழே கொட்டை எழுத்தில், 'இங்கே வேலையும் வாழ்க்கையும் ஒரே அலை' என்று இருக்கும். அதை எழுதியவன் கடலில் கணுக்கால்வரை கூட இறங்கியிருக்க மாட்டான்.

அந்தப் படத்தை அவர்கள் விடாமல் பயன்படுத்தினார்கள். ஆள் எடுக்கும் விளம்பரத்தில் அவள். கண்காட்சியில் அவள். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காப்பிக் கோப்பையிலும் அவள். 'ஃப்ளோரியானோபோலிஸ் தீவுக்கு வாருங்கள், காலையில் கடல், பிறகு கணினி' என்று சாவோ பாவ்லோ பெருநகரத்துப் பிள்ளைகளை இழுப்பதற்கு என் தங்கையின் முதுகும் தோளும் தேவைப்பட்டன. அவளுக்கு அதில் பெருமைதான். எனக்கும்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என் பெயர் ஜூசாரா. அவளைவிட ஆறு வயது மூத்தவள். அப்பாவுக்கு 'ரா' என்று முடியும் பெயர்மேல் அப்படியொரு பிடிப்பு. மூன்றாவதாக ஒன்று பிறக்காதது அந்தக் குழந்தையின் அதிர்ஷ்டம். நாங்கள் இருவரும் அதே தீவில் ரியோ தவாரெஸ் பகுதியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கும் பலகைக்கும் உள்ள உறவு, நடைவழியில் சாய்த்து வைத்திருக்கும் அவளுடைய நான்கு அலைப் பலகைகளில் நான் காலை இடித்துக்கொள்வதோடு சரி. சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு சக்கரப் பலகை கிடக்கும். மணல்மேட்டில் சறுக்குவதற்கென்று ஒன்று பால்கனியில் துணியோடு துணியாகக் காயும். பெருக்குகிறவளுக்குத்தான் அந்த வீட்டின் அருமை தெரியும்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவளைப் போல ஒழுங்காக நாளை நடத்துகிறவளை நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேரும்போதே பேசி எழுதிக்கொண்டது: பத்து மணிக்கு வேலை, ஏழு மணிவரை. காலை அவளுடையது. விடியும் முன்னே எழுந்து, காற்று எந்தப் பக்கம் என்று வாசலில் நின்று முகத்தாலேயே பார்ப்பாள். தெற்குக் காற்றென்றால் ஒரு கடற்கரை, வடகிழக்கென்றால் இன்னொன்று. வண்டிக் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு போவாள். பத்து அடிப்பதற்குள் தலையில் உப்பு ஒட்டியிருக்க, கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு கணினி முன் உட்கார்ந்திருப்பாள். ஒருநாளும் பிந்தியதில்லை. சாயங்காலம் கண் எரிந்தால் சக்கரப் பலகையை எடுத்துக்கொண்டு பூங்காவின் சிமெண்டுக் குழிக்குப் போய், அரை மணி நேரம் விழுந்து எழுந்து திரும்புவாள். முழங்கையில் எப்போதும் ஒரு பொருக்கு இருக்கும்.

ஒருதடவை கேட்டேன், "ஏண்டி, அலைமேல நிக்கறப்ப உன் புரோகிராமைப் பத்தியெல்லாம் யோசிப்பியா?"

"அலைமேல நின்னா எதையும் யோசிக்க முடியாதுக்கா. அதுக்குத்தான் போறதே. அலைக்காகக் காத்துக்கிட்டு சும்மா உக்காந்திருப்போம்ல, அப்பதான் வரும். முந்தின நாள் முட்டிக்கிட்டு நின்னது, தானா வந்து 'இங்கடி தப்பு'ன்னு சொல்லும்."

அது உண்மைதான். கரையேறியதும் ஈரக் கையோடு கைப்பேசியில் தனக்குத்தானே ஏதோ பேசிப் பதிவு செய்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் வேலை செய்வது ஒரு கண் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில். நோயாளிகளுக்கு நாள் ஒதுக்கும் எங்கள் மென்பொருள் தைனாராவின் நிறுவனத்துடையதுதான். அதனால் என் கணினி மக்கர் செய்தால் நான் வீட்டுக்கு வந்து அவளைத் திட்டுவேன். அவளும் சிரித்துக்கொண்டே சரிசெய்து தருவாள். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, கில்மார் வரும்வரை.

கில்மார் மார்ச் மாதம் அவர்களுக்குத் தலைவனாக வந்தான். தூசி படாத வெள்ளைக் காலணி போட்டிருப்பான். எல்லோரையும் 'நம்ம குடும்பம்' என்பான். ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் அவனுக்குக் கால்பந்து உண்டு. கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஆடப் போவான், பிறகு இறைச்சி சுட்டுச் சாப்பிட்டு பீர் குடித்துவிட்டு வீடு திரும்புவான். அலுவலகம் முழுக்க அது தெரியும். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆம்பளை பந்து ஆடினால் அது உடம்புக்கு நல்லது. இவள் அலையில் ஏறினால் மட்டும் பொறுப்பில்லாத்தனம். இந்தக் கணக்கு எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் புரிந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மீனைக் கிளறிக்கொண்டே தைனாரா கேட்டாள், "அக்கா, உங்ககிட்ட வர்றவங்கள்ல எத்தனை பேரு போன்ல மெசேஜ் படிப்பாங்க?"

"பாதிப் பேரோட போன் நம்பரே மருமக நம்பருதான். ஏண்டி?"

"கில்மார் புதுசா ஒண்ணு கேக்கறான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மெசேஜ் போகும். 'வருவேன்'னு பட்டனை அழுத்தணும். அழுத்தலைன்னா அந்த இடம் தானாவே காத்திருக்கற வேற ஒருத்தருக்குப் போயிடும்."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "புரை விழுந்த கண்ணை வச்சுக்கிட்டுப் படிச்சு பட்டனை அழுத்தணுமா?"

"அதையேதான் கேட்டேன். 'புள்ளைங்க அழுத்துவாங்க'ன்னான். மலைப்பக்கத்துல புள்ளைங்க எங்க இருக்கு, எல்லாம் இங்க வேலைக்கு வந்திருச்சு, அங்க சிக்னலே கிடைக்காதுன்னேன். 'நீ ரொம்ப யோசிக்கறே'ன்னான்."

"நீ என்ன பண்ணப் போற?"

"எழுதிக் கொடுத்துட்டேன், ஆனா ஓட விடாம மூடி வச்சிருக்கேன். பட்டன் அழுத்தாதவங்களுக்கு ஒரு மனுஷன் போன் போட்டுக் கேக்கணும். அந்த வழி சேர்க்கற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். சரின்னு தலையாட்டினான்."

அந்தத் தலையாட்டலை நம்பினாள். நானும் நம்பினேன்.

மே மாதம் வந்தது. தாய்ன்யா மீன் கூட்டமாகக் கரையோரம் வரும் காலம். வலை போடும் கடற்கரைகளில் பலகையோடு இறங்கக் கூடாது, அதனால் அலைக்காரர்களெல்லாம் தடையில்லாத இடங்களில் குவிவார்கள். அந்த வியாழக்கிழமை தெற்கிலிருந்து பெரிய அலை வருகிறதென்று அவள் இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். இருட்டிலேயே ஜோவாகினா கடற்கரைக்குக் கிளம்பிவிட்டாள். நான் பேருந்தைப் பிடித்து மருத்துவமனைக்குப் போனேன்.

வாசலில் எப்போதும்போல வெளியூர் நகராட்சிகளின் வேன்கள் நின்றன. மலைப்பக்கத்து ஆட்கள் நடுராத்திரியில் ஏறி, வெறும் வயிற்றோடு வந்து இறங்குகிறவர்கள். கம்பளிக்குல்லாயும் பையில் சுருட்டிய போர்வையுமாக இருப்பார்கள். என் மேசைக்கு முதலில் வந்தவர் அர்லிந்தோ என்ற வயசாளி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி. பெயரைத் தட்டினேன். திரையில் சிவப்பாக 'ரத்து' என்று வந்தது. தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடி தட்டினேன். அதே சிவப்பு.

"ஐயா, உங்களுக்கு நேத்து மெசேஜ் ஏதாவது வந்துச்சா?"

"வந்திருக்கும்மா. போன் உறுமுச்சு. எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கும்மா ராத்திரியெல்லாம் முழிச்சு உன்கிட்ட வர்றேன்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. விளக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அடுத்தவர் பெயரும் சிவப்பு. அதற்கடுத்ததும். பட்டியலில் பாதிக்குமேல் சிவந்து கிடந்தது. அதே நேரத்தில் நகரத்திலிருந்து நன்றாகச் சீவிய தலையோடு வேறு ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்து, "எங்களுக்கு இடம் கிடைச்சிருச்சுன்னு நேத்து மெசேஜ் வந்துச்சு" என்று நின்றார்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். அவர்கள்மேல் என்ன தப்பு? அவர்களும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள்தான்.

நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். வாரத்துக்கு ஒருவர் அந்தக் கைப்பேசியை வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். எங்கள் இயக்குநர் டாக்டர் இவோனியும் தன் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டார். எடுக்கவில்லை. கடைசியில் என் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் கடலில் இருப்பாள் என்று தெரியும். அவசர எண் அந்த வாரம் அவளிடம் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன்.

வேன் ஓட்டி ஒருவர் வந்து மேசையைத் தட்டினார். "ஏம்மா, இவங்களத் திரும்பக் கூட்டிட்டுப் போன்னு சொல்றீங்களா? ஆடுமாடா இது?"

நான் என்ன சொல்ல? அர்லிந்தோவின் மனைவியிடம் ஒரு கோப்பை காப்பி கொடுத்தேன். "அவருக்கு வேண்டாம், இன்னும் வெறும் வயிறாத்தான் இருக்கணும், ஒருவேளை கூப்பிட்டுட்டா?" என்று அந்த அம்மா தானும் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எட்டு மணி தாண்டியபோது தைனாரா கூப்பிட்டாள். பின்னணியில் கடல் இரைந்தது. "என்னக்கா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க?" சொன்னேன். "நான் மூடித்தானே வச்சேன்" என்றாள். அடுத்து, "வை, சரி பண்றேன்."

வேலை நேரம் தொடங்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவள் வண்டியின் முன்மூடிமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ரப்பர் உடையை இடுப்புவரை உரித்துவிட்டு, தோளில் துண்டோடு, தெற்குக் காற்றில் நடுங்கிக்கொண்டே வேலை பார்த்தாள். கூட வேலை செய்யும் கிளெய்ட்டனைப் போனில் எழுப்பினாள்.

"யாருடா திறந்தது?"

"கில்மார்தான். நேத்து சாயங்காலம், ஆட்டத்துக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமை யாரோ பெரிய ஆளுங்களுக்குக் காட்டணுமாம். நான் சொல்லிப் பார்த்தேன், கேக்கல."

"அவசர போன் யாருகிட்ட?"

"அதுவும் அவன்கிட்டதான். ஆட்டத்துக்குப் பெட்டியில வச்சுப் பூட்டினவன் இன்னும் எடுக்கல போல."

ஒன்பது அடிப்பதற்குள் என் திரையில் சிவப்பெல்லாம் மறைந்துவிட்டது. புது ஏற்பாட்டை மறுபடி மூடி, பழைய பட்டியலை வரிசை மாறாமல் திருப்பிக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் அறுவை அறையில் நேரம் திரும்பி வராதே. காலையில் போன நேரம் போனதுதான். சிலருக்குச் செய்தார்கள். சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அர்லிந்தோ திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். "பரவாயில்லம்மா, நீ என்ன பண்ணுவ" என்று என் மேசையைத் தடவிக்கொண்டே, கதவு எங்கே என்று தேடிப் போனார்.

மத்தியானம் டாக்டர் இவோனி தன் அறைக்குக் கூப்பிட்டார். கில்மார் போனில் பேசிக்கொண்டிருந்தான். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"டாக்டர், ரொம்ப வருத்தமா இருக்கு. உங்ககிட்ட எதையும் மறைக்க விரும்பல. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான புரோகிராமர் அந்த நேரத்துல அலைச்சறுக்குல இருந்தாங்க. எங்க காப்பிக் கோப்பையில இருக்கற அதே பொண்ணுதான். சுதந்திரம் கொடுத்தா இப்படித்தான் ஆகுது. நடவடிக்கை எடுக்கறோம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மேசைமேல் அந்தக் கோப்பை இருந்தது. பேனாக்களைப் போட்டு வைத்திருந்தார்கள். இத்தனை நாளும் எந்தப் படத்தைக் காட்டி ஆள் பிடித்தார்களோ, அதே படத்தைக் காட்டி இப்போது கையைக் கழுவுகிறான்.

"அவசர போன் யார்கிட்ட இருந்துச்சுன்னு கேளுங்க டாக்டர்" என்றேன். இயக்குநர் முன்னால் நான் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை.

இவோனி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார், "கில்மார், நாங்க ரெண்டு பேரும் காலையில அவசர எண்ணுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். அது யாருகிட்ட இருந்துச்சு?"

"அது... சிக்னல் பிரச்சினை டாக்டர். அதையும் பாக்கறோம்."

"அந்தப் பொண்ணு என் சொந்தத் தங்கச்சி" என்றேன்.

அன்று மாலை தைனாரா சக்கரப் பலகையைத் தொடவில்லை. சமையலறையில் நின்று ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அர்லிந்தோ சொன்னதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் அழவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நாளைக்கு என்னக் கூப்பிட்டிருக்காங்க, பேச" என்றாள்.

மறுநாள் எனக்கு விடுப்பு. அவள் வண்டி ஓட்டும் நிலையில் இல்லை என்று நானே ஓட்டிப் போனேன். நான் வரவேற்பறையில், அந்த இழவெடுத்த படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கூட்ட அறைக்குக் கண்ணாடிச் சுவர், கதவும் ஒழுங்காகச் சாத்தவில்லை. எல்லாம் காதில் விழுந்தது.

கில்மார் சிரித்த முகமாகத்தான் தொடங்கினான். "தைனாரா, இங்க யாரும் உன்னைக் குத்தம் சொல்லல. நாம குடும்பம்."

"டாக்டர் இவோனிகிட்ட சொன்னது யாரு?"

"வாடிக்கையாளருக்கு ஏதாவது ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்."

"உண்மையச் சொல்லியிருக்கலாம். மூடி வச்சதை நீங்க திறந்தீங்க. போனை எடுக்கல."

"யாரு திறந்தாங்கங்கறது இப்ப பேச்சில்ல. தேவைப்பட்டப்ப யாரு இல்லைங்கறதுதான் பேச்சு. நீ தண்ணியில இருந்தே."

"என் நேரத்துல இருந்தேன். நீங்க உங்க நேரத்துல எங்க இருந்தீங்க?"

"அதையும் இதையும் ஒண்ணாக்காதே." அவன் குரல் கொஞ்சம் மாறியது. "பாரு, சுலபமா முடிச்சுக்கலாம். வாடிக்கையாளருங்களுக்கு நீ ஒரு மன்னிப்பு எழுதிக் கொடு. இனிமே எட்டு மணிக்கே வேலைக்கு வந்துடு. காலைக் கடல் வேண்டாம், சனி ஞாயிறு வச்சுக்கோ. வேலையும் இருக்கும், மரியாதையும் இருக்கும்."

"அந்தப் படம்?"

"எந்தப் படம்?"

"வெளிய சுவத்துல இருக்கறது."

"அது இருக்கட்டுமே. நல்லாத்தானே இருக்கு. வர்றவங்களுக்குப் பிடிக்குது."

அங்கேதான் அவளுக்கு உடைந்தது என்று நினைக்கிறேன். அவள் காலையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அவள் பெயரைக் கெடுப்பார்கள். படம் மட்டும் இருக்க வேண்டும், ஏனென்றால் வருகிறவர்களுக்குப் பிடிக்கிறது.

அவள் வெளியே வந்தாள். தோள்பையிலிருந்து, சக்கரப் பலகையின் திருகாணிகளை முடுக்கும் சின்னக் கருவியை எடுத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தின் மூலையிலிருந்த திருகாணியில் வைத்துத் திருகத் தொடங்கினாள். வரவேற்பறைப் பெண் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"என்னடி பண்ற?" என்று எழுந்தேன்.

"கீழ பிடிச்சுக்கோக்கா, விழுந்துடப் போகுது."

பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? கணினிகளை விட்டு ஆட்கள் எழுந்து வந்தார்கள். கிளெய்ட்டன் ஓடிவந்து மறுபக்கத்தைத் தாங்கினான். கில்மார் கண்ணாடி அறை வாசலில் நின்று, "அது கம்பெனிச் சொத்து" என்றான். "உங்க வாசகத்த வேணா வெட்டித் தர்றேன். உள்ள இருக்கற ஆளு நான்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. கடைசித் திருகாணி கழன்றதும் படம் எங்கள் கைமேல் சாய்ந்தது. அவள் அதைத் தன் நீளப் பலகையைத் தூக்குவது போலவே தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தாள். மின்தூக்கிக்குள் நுழையவில்லை. படிக்கட்டில் ஆறு மாடி இறங்கினோம். வழியில் எதிர்ப்பட்ட காவலாளி, "புதுப் படம் மாட்டப் போறாங்களாம்மா?" என்று கேட்டு, எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

அடுத்த வாரம் வேலைநீக்க அறிவிப்பு வந்தது. கடுமையான ஒழுங்கீனம், நிறுவனச் சொத்தை எடுத்துச் சென்றது, முக்கியமான நேரத்தில் பணியில் இல்லாதது. அந்தக் காரணத்தோடு வெளியே போனால் எந்த இடத்திலும் தலைநிமிர்ந்து வேலை கேட்க முடியாது. அவளுக்குத் தெரிந்தவர்கள்கூட ஒரு மாதிரி பேசினார்கள். ரொட்டிக்கடையில் ஒருத்தி என்னிடமே சொன்னாள்: "வேலையும் வேணும் வெளையாட்டும் வேணும்னா எப்படி?" அவளுடைய புருஷன் ஞாயிறு திங்கள் பார்க்காமல் சீட்டாடுகிறவன். சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனோம். விசாரணை ஆகஸ்டில் வந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர் வாட்டசாட்டமான ஆள். அவர் கையில் இருந்ததும் அதே படம்தான், சின்ன அளவில். அதை நீதிபதி அம்மாள் பக்கம் நகர்த்திவிட்டு தைனாராவிடம் கேட்டார்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசல்ல பட்டினியா நின்னப்ப நீங்க இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, இல்லையா?"

"ஆமா. அப்ப நான் தூங்கிக்கிட்டு இருந்திருந்தா, என் கட்டிலைப் படம் எடுத்துக்கிட்டு வந்திருப்பீங்களா?"

வழக்கறிஞர் எதையோ புரட்டினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா என்று எனக்குத் தெரியாது, மறைத்தார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு டாக்டர் இவோனி வந்திருந்தார். அவர் வரத் தேவையே இல்லை. அவசர எண்ணுக்குத் தானும் கூப்பிட்டதையும், யாரும் எடுக்காததையும், கடற்கரையிலிருந்து ஒருத்தி சரிசெய்ததையும் நேராகச் சொன்னார். கிளெய்ட்டனும் வந்தான். திறந்தது யார் என்று சொல்லும்போது அவன் குரல் தடுமாறியது, ஆனாலும் சொன்னான். அவன் இன்னும் அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை மறக்கக் கூடாது.

அதன்பின் நிறுவனம் சமரசம் என்று வந்தது. தைனாரா கேட்டது ஒன்றே ஒன்று. அன்று காலை என்ன நடந்தது என்பதை நடந்தபடி எழுதி, எந்தெந்த மருத்துவமனைகளிடம் அவள் பெயரைச் சொன்னார்களோ அத்தனை பேருக்கும் அனுப்ப வேண்டும். வழக்கறிஞர், "வேற எதுலயாவது விட்டுக்கொடுக்கிறோம், இது மட்டும் வேண்டாமே" என்று இழுத்தார். அவள் அசையவில்லை. கடைசியில் எழுதினார்கள். வேலைநீக்கக் காரணத்தையும் திரும்பப் பெற்றார்கள்.

எங்கள் மருத்துவமனைக்கும் அந்தக் கடிதம் வந்தது. நாலு வரி. 'உள் ஒருங்கிணைப்பில் நேர்ந்த தவறு' என்று எழுதியிருந்தார்கள். கில்மார் என்ற பெயர் எங்கும் இல்லை. ஆனால் 'எங்கள் பணியாளர் தைனாராவுக்கு இதில் பொறுப்பில்லை, அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்' என்ற வரி இருந்தது. இவோனி அதை எல்லோரும் படிக்கும்படி மேசையில் வைத்தார். இப்போது மெசேஜுக்குப் பதில் வராதவர்களை நானும் இன்னொரு பெண்ணும் போனில் கூப்பிட்டுக் கேட்கிறோம். மலைப்பக்கத்துக்கு நாலு தடவை கூப்பிட்டால் ஒருதடவை கிடைக்கும். கிடைக்கும்வரை கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். இதை மே மாதத்திலேயே செய்திருக்கலாம்.

கில்மாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? குரிச்சிபா நகரத்தில் பெரிய கிளைக்குத் தலைவனாகப் போயிருக்கிறான். விடைபெறும் விருந்தில் மேசை முழுக்க இறைச்சியாம். அர்லிந்தோவுக்குச் செப்டம்பரில்தான் அறுவை நடந்தது. நடுவில் கண் தெரியாமல் விழுந்து மணிக்கட்டு முறிந்ததை எந்தக் கடிதத்திலும் யாரும் எழுதவில்லை. அந்தச் சுவரில் இப்போது காற்றாடி இழுத்துப் போகும் அலைப் பலகையோடு வேறொரு பெண் நிற்கிறாளாம். கிளெய்ட்டன் சொன்னான். வாசகம் மட்டும் அதேதானாம். அந்தப் பெண்ணை ஒருநாள் போய்ப் பார்த்து எச்சரிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது.

தைனாரா அக்டோபரில் வேறு இடத்துக்கு நேர்காணலுக்குப் போனாள். சின்ன நிறுவனம், படகுத்துறைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். திரும்பி வந்ததும் காப்பி போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"எல்லாம் நல்லாத்தான் பேசினாருக்கா. கடைசியில, 'உங்களுக்குப் பலகை விளையாட்டுல ஆர்வம்னு கேள்விப்பட்டேன், அது வேலைக்கு இடைஞ்சலா இருக்காதா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். இறைச்சி சுடுவேன்னாரு. 'கரி அடுப்பு வேலைக்கு இடைஞ்சலா இருக்காதா?'ன்னேன்."

"அடிப்பாவி. கெடுத்துட்டு வந்துட்டியா?"

"திங்கக்கிழமை வரச் சொன்னாரு. பத்து மணிக்கு."

காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், அந்தக் கேள்வியை இனி எத்தனை இடத்தில் இன்னும் எத்தனை பேர் அவளிடம் கேட்பார்கள் என்று நினைக்கும்போது, காப்பி ஆறிப்போன பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை.